இரண்டு அங்குலத் தண்ணீர்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை. புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் 72 வயது மூதாட்டி ஒருவர் தன் வீட்டுக் கழிவறைக்குப் போனார். அங்கேயே மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கப் போன மகளும் விழுந்தார். அதே பகுதியில் இன்னொரு வீட்டில் 15 வயது மாணவி ஒருவரும் கழிவறையில் மயங்கி விழுந்தார். மூன்று பேரும் பிழைக்கவில்லை. மேலும் சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சுற்றியிருந்த வீடுகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறைக் குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறிய விஷவாயு என்றார்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்ற பெயர் அன்று ஊர் முழுக்க அடிபட்டது.

ரசாயன விபத்து என்றால் புதுச்சேரிக்காரர்களின் நினைவு காலாப்பட்டுப் பக்கம்தான் போகும். 2023 நவம்பரில் அங்கே ஒரு மருந்து ஆலையில் நடந்த வெடிவிபத்தில் தொழிலாளர்கள் பலர் தீக்காயம் பட்டதை ஊர் இன்னும் மறக்கவில்லை. புதுநகர் அப்படிப்பட்ட இடமல்ல. குடும்பங்கள் வாழும் தெருக்கள். புகைபோக்கி கிடையாது, சைரன் கிடையாது, எச்சரிக்கைப் பலகை கிடையாது. ஆனாலும் அங்கே நடந்தது ஒரு ரசாயன ஆலை விபத்து என்றுதான் நான் சொல்வேன். தெருவுக்கு அடியில் ஓடும் குழாயில் மூலப்பொருள் இருக்கிறது, வினை நடக்கிறது, விளைபொருளாக ஒரு வாயு வெளியேறுகிறது. ஆலையில் இருப்பதில் அங்கே இல்லாதவை மூன்று: கண்காணிக்கும் ஆள், அளக்கும் கருவி, உள்ளே நுழையும் முன் கையெழுத்து கேட்கும் விதி.

அந்த ஆலையை நடத்துபவை பாக்டீரியாக்கள். நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிறோம். காற்று எட்டாத சேற்றிலும் குழாயின் உட்சுவரில் படியும் வழவழப்பான படலத்திலும் வாழும் ஒரு கூட்டம், ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கிறது. நாம் கரியமில வாயுவை வெளியே விடுவதைப் போல அவை ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. பூமியில் காற்றில் ஆக்சிஜன் சேர்வதற்கு முன்பே இந்த வாழ்முறை இருந்திருக்கிறது; உயிரின் மிகப் பழைய தொழில்களில் இது ஒன்று. நகரம் ஒன்றைக் கட்டி, அதன் கழிவை இருட்டான, காற்றில்லாத, வெதுவெதுப்பான குழாயில் விடும்போது, பல நூறு கோடி ஆண்டுப் பழமையான அந்த உலகத்தை நாமே தெருவுக்கடியில் மறுபடி உண்டாக்குகிறோம்.

சல்பேட்டுக்கு அங்கே பஞ்சமே இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் உண்டு; கடலோர ஊர்களின் நிலத்தடி நீரில் உப்பு ஏற ஏற அதுவும் ஏறும். துணி துவைக்கும் பவுடர் பலவற்றில் சோடியம் சல்பேட் கலந்திருக்கிறது. வெயிலும் துணைக்கு வருகிறது. அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் பொமராய் உருவாக்கிய, இன்றும் சாக்கடை வடிவமைப்பில் புழங்கும் சமன்பாடு, கழிவுநீரின் வெப்பம் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சல்பைடு உற்பத்தி சுமார் 7 விழுக்காடு கூடும் என்கிறது. 20 டிகிரியில் ஓடும் ஒரு குளிர்நாட்டுச் சாக்கடையோடு ஒப்பிட்டால், 30 டிகிரியில் ஓடும் நம் ஊர்ச் சாக்கடையில் உற்பத்தி கிட்டத்தட்ட இரு மடங்கு. குழாய் நூல்களில் அச்சான ஐரோப்பிய அனுபவத்தை இங்கே அப்படியே நம்ப முடியாது.

உண்டான சல்பைடு முதலில் நீரில் கரைந்தே கிடக்கிறது. அது நீரில் தங்குமா, வாயுவாக வெளியேறுமா என்பதைத் தீர்மானிப்பது அமிலத்தன்மை. காரம் தூக்கலாக இருந்தால் அது அயனியாக நீரிலேயே அடங்கியிருக்கும். நடுநிலையில் ஏறக்குறைய பாதி அயனி, பாதி வாயுவாகக் கிளம்பக்கூடிய மூலக்கூறு. அமிலம் சற்றே கூடினாலும் முக்கால்வாசிக்கு மேல் மூலக்கூறாகிவிடும். அதன் பிறகு நீரைக் கலக்கினால் போதும். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறப்பதைப் போல, குழாய் சரிந்து விழும் இடத்திலும், பம்ப் ஓடத் தொடங்கும் நொடியிலும், அடைப்பை எடுக்கக் கோலால் குத்தும்போதும் அது பொங்கிக் கிளம்புகிறது.

எவ்வளவு கிளம்பும்? ஒரு லிட்டர் கழிவுநீரில் ஒரே ஒரு மில்லிகிராம் ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறாகக் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடைபட்ட குழாயில் மேலே நிற்கும் காற்றோடு அது சமநிலைக்கு வந்தால், அந்தக் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய 300 பங்கு இந்த வாயு இருக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் ஆலைகளில் பிபிஎம் என்பார்கள். உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த எல்லை 100 பிபிஎம். ஒரு சிட்டிகை உப்பின் எடையில் ஒரு சிறு பங்கே உள்ள சல்பைடு, அந்த எல்லையை மூன்று மடங்கு தாண்டப் போதுமானது.

வாயுவின் குணத்திலேயே ஒரு கொடுமை இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மனித மூக்கு இதை ஒரு பிபிஎம்மில் நூறில் ஒரு பங்கு அளவிலேயே கண்டுகொள்ளும். இவ்வளவு கூர்மையாக நாம் முகரும் வாயுக்கள் குறைவு. அதனால்தான் மக்கள் மூக்கை நம்புகிறார்கள். ஆனால் 100 பிபிஎம்மை எட்டும்போது, சில நிமிடங்களில் முகரும் நரம்பு களைத்துவிடுகிறது. அதற்கும் மேலே போனால் செயலற்றே போகிறது. நாற்றம் குறைந்தது போலத் தோன்றும். குழிக்குள் இறங்கியவர் 'வாடை போய்விட்டது' என்று சொல்லும் நேரம் மிகப் பயங்கரமான நேரமாக இருக்கக்கூடும். 500 பிபிஎம்மைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். 1000 பிபிஎம் பக்கம் போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். கத்தவும் நேரம் இருக்காது.

உடலுக்குள் அது செய்யும் வேலை சயனைடு செய்யும் வேலைதான். ஒவ்வொரு செல்லிலும் ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சக்தி எடுக்கும் கடைசிக் கட்டத்தில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி நிற்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு போய் அதில் ஒட்டிக்கொள்கிறது. நுரையீரல் வேலை செய்யும், ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், செல்லுக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்ள வழி இருக்காது. மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி முதலில் தோற்கிறது. இத்தனை கொடிய பொருளை நம் உடலே மிகச் சிறிய அளவில் தயாரிக்கிறது என்பது, இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஆறாத வியப்பு. மூளையில் அது செய்தி கடத்தும் மூலக்கூறாக வேலை செய்யக்கூடும் என்று 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அபேயும் கிமுராவும் காட்டினார்கள். ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அளவு ஒன்றுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது.

இந்த வாயுவுக்கும் மலக்குழிகளுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், மலக்குழி துப்புரவு செய்பவர்களின் கண் எரிச்சலையும் பார்வைக் கேட்டையும் பதிவு செய்தார். குழியைக் கிளறும்போது கிளம்பும் ஏதோ ஒன்று அவர்கள் பையிலிருந்த நாணயங்களையும் கறுக்க வைக்கிறது என்று கவனித்தார். வெள்ளிக் கொலுசு நாளாவட்டத்தில் கறுப்பதும் அதே வேதியியல்தான்: காற்றிலுள்ள துளித்துளிச் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், பாரிஸில் மலக்குழிகள் தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருந்தன. மருத்துவர் ஜான் நோயல் ஆலே 1785இல் அதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டார்.

மனிதர் மட்டுமல்ல, குழாயும் இதற்குத் தப்புவதில்லை. கிளம்பிய வாயு குழாயின் மேற்கூரையில் வியர்த்திருக்கும் ஈரத்தில் கரைகிறது. அங்கே வேறொரு பாக்டீரியாக் கூட்டம் காத்திருக்கிறது. அது சல்பைடைத் தின்று கந்தக அமிலம் ஆக்குகிறது. 1945இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். கான்கிரீட் குழாயின் அடிப்பகுதி நன்றாக இருக்க, மேல்பகுதி மட்டும் அரித்து இற்று விழுவதற்கு அதுதான் காரணம். சாலை திடீரென்று உள்வாங்கும் செய்திகளில் சிலவற்றுக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கும்.

இவ்வளவையும் வீட்டுக்கு வெளியே நிறுத்திவைப்பது எது? கழிவறைக் கோப்பைக்குக் கீழே குழாய் ஏன் வளைந்து ஏறி இறங்குகிறது என்று பலரும் யோசித்திருக்க மாட்டார்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அதன் ஆழம் வழக்கமாக 50 மில்லிமீட்டர், இரண்டு அங்குலம். வீட்டுக் காற்றுக்கும் சாக்கடைக் காற்றுக்கும் நடுவே இருப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரத் தொழிலாளி இந்த வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்க் கொத்தனாரும் பிளம்பரும் எஸ் ட்ராப், பி ட்ராப் என்று சொல்வது இதைத்தான். குளியலறைத் தரையில் பதிப்பது நானி ட்ராப், வீட்டுக்கு வெளியே சேம்பருக்கு முன்னால் வைப்பது கல்லி ட்ராப். பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் எரிவாயுச் சுடர் பின்னோக்கி ஏறாமல் தடுக்க வைக்கும் நீர்த்தொட்டியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கோடிக்கணக்கான ரூபாய் ஆலையைக் காக்கும் பொறியியல், ஒரு சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் வளைவாக நம் கழிவறையில் இருக்கிறது.

ஆனால் இரண்டு அங்குலத் தண்ணீர் தாங்கும் அழுத்தம் எவ்வளவு? வளிமண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு. குழாயில் அழுத்தம் அதற்கு மேல் ஏறினால் வாயு குமிழியிட்டு வெளியே வந்துவிடும். கீழே எங்கோ அடைப்பு ஏற்பட்டு, மேலிருந்து கழிவுநீர் வந்துகொண்டே இருந்தால், நடுவில் சிக்கிய காற்று நெருக்கப்பட்டுப் போக்கிடம் தேடும். பக்கத்திலிருக்கும் வீடுகளின் குழாய்களே அதற்குப் போக்கிடம். மாடியில் ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் கொட்டும்போது, அந்த இழுப்பில் கீழ்வீட்டு வளைவிலிருக்கும் நீர் உறிஞ்சிப்போவதும் உண்டு. இதற்காகத்தான் மாடிக்கு மேலே வரை காற்றுக்குழாய் ஒன்றை உயர்த்துகிறார்கள். செலவைக் குறைக்கிறேன் என்று அதை விட்டுவிடும் கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். பாத்ரூம் கட்டி நேரடியாகச் சேம்பரில் குழாயைச் செருகிவிடும் வீடுகளும் உண்டு. பழைய செப்டிக் டேங்க் இணைப்பை அப்படியே பொதுச் சாக்கடைக்குத் திருப்பும்போது வளைவு இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளின் கழிவறைக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவே எதுவும் இல்லை. ரெட்டியார்பாளையத்திற்குப் பிறகு புதுச்சேரியில் ட்ராப் என்ற சொல் பொதுப்பணித் துறைக் கோப்புகளைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. மூன்று உயிர்களின் விலைக்கு வந்தது என்பதுதான் பொறுக்க முடியாதது.

சாக்கடை என்னும் இந்த ஆலைக்குள் இன்னொரு ஆலையின் கழிவு கலந்தால் நிலைமை வேறு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2002 ஜனவரியில் ஒரு காகித ஆலையின் கழிவுநீர் வழியில் சோடியம் ஹைட்ரோசல்பைடு சிந்தியிருந்தது. அதே வழியில் அமிலமும் வந்து சேர்ந்தது. ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி இரண்டு தொழிலாளர்களைக் கொன்றது. தனித்தனியாக அந்த ஆலையில் யாருக்கும் பயம் தராத இரண்டு திரவங்கள், சாக்கடைக்குள் சந்தித்ததுதான் தவறு. 2022 ஜனவரியில் குஜராத்தின் சூரத் அருகே சச்சின் தொழிற்பேட்டையில், டேங்கர் ஒன்று ரசாயனக் கழிவை வடிகாலில் திறந்துவிட்டபோது கிளம்பிய வாயுவில் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். 2023 ஏப்ரல் 30 அன்று லூதியானாவின் கியாஸ்புராவில் 11 பேர், அவர்களில் குழந்தைகளும் உண்டு, வீட்டிலும் கடையிலும் இருந்த இடத்திலேயே விழுந்தார்கள். சாக்கடைக் குழியிலிருந்து வந்த ஹைட்ரஜன் சல்பைடு என்றே அங்கேயும் சந்தேகித்தார்கள். ஊர் மாறுகிறது, வேதியியல் மாறவில்லை. புதுநகருக்கு ஓராண்டு முன்னரே லூதியானா எச்சரித்துவிட்டது. நாடு முழுக்க அந்தச் செய்தியைத் தங்கள் ஊர்ச் சாக்கடைக்குப் பொருத்திப் பார்த்த நகராட்சிகள் எத்தனை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆலைகளில் இந்த வாயுவை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பார்த்தால், தெருவில் என்ன குறைகிறது என்பது விளங்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36ஆம் பிரிவு தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களைப் பற்றியது. உள்ளே நச்சுவாயு இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்றது அது. இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பில் பெல்ட் கட்டியிருக்க வேண்டும்; அந்தப் பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. கயிற்றின் மறுமுனையைப் பற்றிச் சட்டமே எழுதி வைத்திருந்தது. காரணம் இருக்கிறது. அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று நியோஷ் 1986இல் எச்சரித்தது. ஒருவர் விழுவார், தம்பி ஓடுவார், மேஸ்திரி ஓடுவார். 2014இல் பெருந்துறை சிப்காட்டில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். புதுநகரில் தாயைத் தூக்க ஓடிய மகளும் அந்தக் கணக்கில்தான் வருகிறார். கயிறு வெளியே இருந்து இழுப்பதற்கு. இன்னோர் உயிர் உள்ளே போகாமல் இருப்பதற்கு.

கையெழுத்துச் சான்றுக்கு முன் ஒரு சிறு கருவி வேலை செய்கிறது. சட்டைப் பையில் அடங்கும் வாயுமானி. ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் ஒரே நேரத்தில் அளக்கும். ஹைட்ரஜன் சல்பைடு உள்ளே போய் ஒரு மின்முனையில் வினைபுரிகிறது. அப்போது பிறக்கும் மிக நுண்ணிய மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றுகிறது. பெரும்பாலான கருவிகள் 10 பிபிஎம்மிலேயே அலறத் தொடங்கும். மூக்குக்குக் களைப்பு உண்டு, அந்த மின்முனைக்கு அப்படியொரு களைப்பு இல்லை. அளக்கும் முறையிலும் நுணுக்கம் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிட ஏறக்குறைய 1.2 மடங்கு கனம், எனவே அடியில் தேங்கும். சாக்கடையில் கூடவே பிறக்கும் மீத்தேன் லேசானது, மேலே நிற்கும். அதனால் குழியின் வாயில், நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் கருவியைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். காற்றில் 4 விழுக்காட்டைத் தாண்டினால் ஹைட்ரஜன் சல்பைடு தீப்பற்றவும் செய்யும். குழிக்குள் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கம் இதனாலும் கூடாது. 2013இல் மனிதரை மலக்குழியில் ஆபத்தான முறையில் இறக்குவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. கேரளத்து இளைஞர்கள் மனிதருக்குப் பதில் குழியைச் சுத்தம் செய்யும் பாண்டிகூட் என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். இருந்தும் கருவி இல்லாமல், கயிறு இல்லாமல் மனிதரை இறக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. இது தொழில்நுட்பப் பஞ்சம் அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியவை சிறியவை. அதிகம் புழங்காத கழிவறையின் வளைவிலும் குளியலறை நானி ட்ராப்பிலும் உள்ள நீர் கோடையில் சில வாரங்களில் வற்றிவிடும். வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அது திரும்ப நிரம்பும். ஊருக்குப் போய்த் திரும்பியதும் முதலில் ஜன்னலைத் திறந்து, பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். கழிவறை சுத்தம் செய்யும் அமிலத்தை அடைத்த சாக்கடையில் கொட்டக் கூடாது. அமிலம் கூடினால் சல்பைடு வாயுவாகக் கிளம்பும் என்று மேலே சொன்னதே காரணம். தண்ணீர் வளைவில் குமிழி வந்தால், அல்லது தாங்க முடியாத அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றால், வெளியே வந்துவிட வேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால்? மூக்கில் ஈரத்துணி கட்டினால் பயனில்லை. கொரோனா காலத்து முகக்கவசம் தூசியை நிறுத்தும், இந்த வாயுவை நிறுத்தாது. வெளியிலிருந்தே கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, 112க்கோ 101க்கோ சொல்லி, வாயு என்ற வார்த்தையை முதலிலேயே சொல்ல வேண்டும். அப்போதுதான் தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு வருவார்கள். இப்படிக் காத்திருப்பது மனதைப் பிசையும் வேலை. ஆனாலும் அதில் நம்பிக்கைக்கு இடம் உண்டு. செல்லின் நொதியில் ஹைட்ரஜன் சல்பைடு ஒட்டிக்கொள்வது நிரந்தரமானது அல்ல. நல்ல காற்றுக்கு வந்ததும் பிடி தளரும். உடல் சல்பைடை வேகமாக ஆக்சிஜனோடு சேர்த்துத் தீங்கற்ற சல்பேட்டாக்கிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே இழுக்கப்பட்டு, செயற்கைச் சுவாசமும் ஆக்சிஜனும் கிடைத்தவர்களில் பலர் எழுந்து நடந்திருக்கிறார்கள்.